அடுத்து எதை வாசிப்பது? காவியப் புனைவை விரும்பும் வாசகருக்குத் தமிழ்ப் புதினங்களைப் பரிந்துரைத்தல்

வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நிறைய வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் இருமுறை படித்து முடித்த உயர்நிலை மூன்று மாணவர், தமிழில் பாடநூலுக்கு அப்பால் ஒரு கதை நூலையும் தொட்டதில்லை என்பது நம்மிடையே அரிய செய்தியன்று. அவரிடம் வாசிப்புப் பசி உண்டு. அப்பசிக்குத் தமிழிலும் உணவு உண்டு என்று அவருக்கு எவரும் சொல்லாதிருக்கலாம். அல்லது, சொன்னவர் பொருந்தாத நூலைச் சொல்லியிருக்கலாம். இத்தகைய வாசகருக்குப் பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் எவ்வாறு நூல் பரிந்துரைக்கலாம் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் கேட்க வேண்டிய வினா

'காவியப் புனைவு பிடிக்கும்' என்னும் விடை போதிய விடையன்று. அச்சொல்லுக்குள் பல சுவைகள் அடங்கியுள்ளன. ஒருவரை ஈர்ப்பது, தனக்கென நிலப்படமும் மொழியும் பழங்கதையும் கொண்ட வேறோர் உலகம். மற்றொருவரை ஈர்ப்பது நெடும்பயணம்: காடு, மலை, கடல், வழியில் வாய்க்கும் நட்பு. வேறொருவர் அரியணையைச் சுற்றி நிகழும் சூழ்ச்சிக்காகவே படிப்பார். இன்னொருவருக்கு மாயமும் மந்திரமும் வேண்டும். எனவே, 'உமக்குப் பிடித்த நூல் எது?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அந்நூலில் எப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தீர்?' என்றும் கேட்க வேண்டும். பரிந்துரைக்க வேண்டிய நூலை அவ்விடையே நமக்குக் காட்டிவிடும்.

உள்ளதை உள்ளவாறு சொல்லுதல்

முற்றிலும் கற்பனையான ஓர் உலகை நிறுவி எழுதப்பட்ட பெரும்புதினங்கள் தமிழில் மிகுதியாக இல்லை. அவ்விடத்தை நெடுங்காலம் நிரப்பி வந்தது வரலாற்றுப் புதினம். 'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை தொடராக வெளிவந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் முதற்பாகம் இலண்டனில் வெளிவந்ததும் அதே 1954இல்தான். டோல்கீன் இல்லாத ஓர் உலகைப் படைத்தார். கல்கி இருந்து மறைந்த ஓர் உலகை மீட்டெழுப்பினார். வாசகரைப் பன்னாள் வேறொரு நாட்டில் குடியிருக்கச் செய்தமையில் இருவரும் ஒத்தவர்.

ஆயினும், ஒன்றை மற்றொன்றின் தமிழ் வடிவம் என்று விளம்பரம் செய்தல் தவறு. அவ்வாறு சொல்லிக் கொடுத்தால், அரக்கர் படை எப்போது வரும் என்று ஐந்து பாகங்களும் காத்திருந்து வாசகர் ஏமாறுவார். நூலின் சிறப்பு எதுவோ அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

சுவைக்கேற்ற நூல்கள்

சூழ்ச்சியும் விரைவும் வேண்டுவோர்க்கு 'பொன்னியின் செல்வன்' உகந்தது. அலெக்சாந்தர் தூமாவின் 'மூன்று மஸ்கடியர்கள்' படித்தவர்க்கு இதன் தொடக்கம் பழகிய இடமாகத் தோன்றும்: இங்கும் ஓர் இளைஞன், ஒரு குதிரை, கொண்டு சேர்க்க வேண்டிய ஓலைகள், வாயைத் திறந்தால் வம்பு. வாரந்தோறும் வெளிவந்த கதையாதலின், அத்தியாயங்கள் சிறியன. பலவும் அடுத்ததைத் தேட வைத்தே முடிவன. ஐந்து பாகம் என்றதும் மலைப்போர், முதலில் 'பார்த்திபன் கனவு' படிக்கலாம். 'சிவகாமியின் சபதம்' அதற்கு முந்திய காலத்துக் கதையைச் சொன்னாலும், பின்னர் எழுதப்பட்டது. எழுதப்பட்ட வரிசையிலேயே படித்தால் சிறிய நூலிலிருந்து பெரிய நூலுக்கு இயல்பாகச் செல்லலாம்.

கடற்பயணத்தை விரும்புவோர்க்குச் சாண்டில்யனின் 'கடல் புறா' உண்டு. மூன்று பாகங்களாக அமைந்த இப்புதினம், முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறுவதற்கு முந்திய காலத்தில், கலிங்கத்திலிருந்து ஸ்ரீவிஜயப் பேரரசின் கடல்கள் வரை விரிகிறது. கதையில் வரும் கடாரம் நமக்கு அண்மையிலுள்ள கெடா மாநிலமே. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களைக் கண்டு வந்த மாணவருக்கு இந்நூலின் கடல் வெறுங் கற்பனையாக இராது. இதன் நீண்ட வருணனைகளும் காதற் காட்சிகளும் முதிர்ந்த மாணவர்க்கே ஏற்றவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வட்டாரத்தையே களமாகக் கொண்ட மற்றொரு சாகசப் புதினம், 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்கால மேடானும் பினாங்கும் சிங்கப்பூரும் இதில் உயிர்பெறுகின்றன. சாகசத்தால் மனிதன் பெறுவது என்ன என்றே வினவும் நூல் இது. ஆகவே, வளர்ந்த வாசகருக்கு உரியது.

தனி உலகில் திளைப்பவர்க்குச் சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' பெருவிருந்து. பறம்பு மலையின் செடி, விலங்கு, வழக்கு, குலக்கதை ஆகியவற்றால் நெய்யப்பட்ட நூல் அது; ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, இரு தொகுதிகளாக நூலுருப் பெற்றது. அதன் பின்னர் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) காத்திருக்கிறது. கற்பனையான ஒரு கோயில் நகரைச் சுற்றி அமைந்த அப்புதினம் தத்துவ வாதங்கள் நிறைந்தது. இளையர்க்கு அவசரப்பட்டுக் கொடுக்கத்தக்கதன்று. மகாபாரதத்தை 26 நாவல்களாக விரித்த 'வெண்முரசு' தொடரை, வாசிப்பில் உரம் பெற்றவர் 'முதற்கன'லிலிருந்து தொடங்கலாம்.

மாயத்தை நாடும் இளையர்க்கு விக்கிரமாதித்தன் கதைகளும் மதனகாமராஜன் கதைகளும் இன்றும் சுவை குன்றாதவை. இமயத்தில் விசித்திர உயிரினத்தைத் தேடிச் செல்லும் 'பனிமனிதன்', சிறுவர்க்கென ஜெயமோகன் எழுதிய சாகச நாவல். முதல் முயற்சிக்கு மிகவும் ஏற்றது.

முதல் ஐம்பது பக்கங்கள்

தக்க நூலைத் தேர்ந்தபின்னும் ஒரு தடை உண்டு. வீட்டில் பேசும் தமிழுக்கும் நூலின் தமிழுக்கும் உள்ள தொலைவு, தொடக்கப் பக்கங்களில் வாசகரைத் தளரச் செய்யும். பெயர்களும் உறவுமுறைகளும் குழப்பும். நல்ல கதையாசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதியவன். கபிலர் பறம்புக்குப் புதியவர். டோல்கீனின் ஹாபிட்டுகளும் தம் ஊரெல்லையைத் தாண்டிய பின்னரே உலகை அறிகின்றனர். ஏதும் அறியாத பயணியோடு சேர்ந்து வாசகரும் சிறிது சிறிதாக அறிந்துகொள்கிறார். ஆகவே, எல்லாம் உடனே விளங்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சுமை குறையும்.

எஞ்சிய சுமையைக் குறைக்க நாமும் உதவலாம். முதல் மூன்று அத்தியாயங்களை உரக்கப் படித்துக் காட்டலாம். குல வரிசையை ஒரு தாளில் வரைந்து நூலினுள் வைக்கலாம். அருஞ்சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் தேடச் சொல்லாமல், கதையோட்டத்தில் கடந்து செல்ல விடலாம். ஐந்து பாகங்களையும் ஒருசேர மேசைமேல் அடுக்காமல் ஒன்றை மட்டும் கொடுக்கலாம். முடித்ததும் வினாத்தாளை நீட்டுதல் அறவே கூடாது. அடுத்த பாகத்தை அவரே கேட்டு வந்தால் அதுவே போதிய விடை.

ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்று வாசகர் நூலைத் திருப்பித் தந்தால், அவரைக் கடிந்துகொள்ள வேண்டா. எவ்விடத்தில் சலித்தது என்று கேட்போம். அவர் சொல்லும் அந்த இடத்திலிருந்தே அடுத்த நூலைத் தேடத் தொடங்குவோம்.