விழிக்க மறுக்கும் கணினி

கணினி வர வர மந்தமாகிவிட்டது என்று வருந்தி, "இன்னும் எட்டு ஜிபி போட்டால் பறக்கும், சார்" என்று கடைக்காரர் கூறிய உறுதிமொழியை நம்பி, புதிய ராம் ஒன்றை வாங்கிவந்து பொருத்திப் பொத்தானை அழுத்தினால், விசிறி சுழலுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. பழுது பார்க்கும் கடைகளில் 'நோ டிஸ்ப்ளே' என்று சாவதானமாகச் சொல்லப்படும் இந்த விபரீதம், அரைமணி நேரத்துக்கு முன்வரையில் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்த யந்திரத்துக்கு நேர்வதால், அதை உடையவருக்குப் பெருங்கலக்கத்தை உண்டாக்குகிறது. ஹார்ட் டிஸ்க் அறவே இல்லாவிட்டாலும், இல்லை என்று திரையில் எழுதிக் காட்டும் கணினி, ராம் விஷயத்தில் மட்டும் வாய் திறவாமல் ஸ்தம்பித்து நிற்பது ஏன் என்பதை அறிந்துகொண்டால், பரிகாரங்களில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும்.

ராமின் சில்லுகளுக்குள், ஒரு டிரான்சிஸ்டரும் மிக நுண்ணிய ஒரு மின்தேக்கியும் சேர்ந்த அறைகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன; மின்தேக்கியில் மின்னேற்றம் இருப்பதும் இல்லாமலிருப்பதுமே ஒன்றும் பூஜ்யமும் ஆகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த ராபர்ட் டென்னார்ட் 1966ஆம் ஆண்டில் உத்தேசித்து, 1968இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இதைவிட எளியது ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடித்து நிலைநாட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். 16 ஜிபி ராம் ஒன்றில் இத்தகைய அறைகள் 13,743 கோடிக்கு மேல் அடங்கியிருக்கின்றன. ஆனால், அந்த மின்னேற்றம் க்ஷணந்தோறும் கசிந்துகொண்டேயிருப்பதால், ஒவ்வோர் அறையையும் 64 மில்லிவிநாடிக்குள் ஒரு முறையேனும் படித்து மறுபடியும் எழுதியாக வேண்டும். தவறினால் எழுதியது மறைந்துபோகும். இவ்வாறு ஓயாமல் பராமரிக்கும் பொறுப்பு மெமரி கன்ட்ரோலர் என்ற பகுதியைச் சேர்ந்தது. முன்பு மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்த இப்பகுதியை, ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2003லும், இன்டெல் நிறுவனத்தார் தங்கள் கோர் வரிசையில் 2008லும், பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில், ராம் என்று ஒன்று இருப்பதே பிராசஸருக்குத் தெரியாது. அது தன் முதற் கட்டளையை, நான்கு ஜிபி எல்லைக்குப் பதினாறு பைட் கீழே உள்ள ஒரு முகவரியில், கணினியை எழுப்பும் நிரலான பயாஸ் அடங்கிய பிளாஷ் சில்லிலிருந்து எடுத்துக்கொள்கிறது; கணக்குகளைக் குறித்துவைக்க வேறிடம் இல்லாமையால், தன்னுள் இருக்கும் கேஷ் நினைவில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக உபயோகித்துக்கொண்டு, ராமைத் தயார்ப்படுத்தும் பிரயத்தனத்தில் இறங்குகிறது. அது கைகூடும் வரையில் திரைக்கு வழியில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில், திரையில் தோன்றவேண்டிய படத்தை வைத்திருக்கும் இடமும் இதே ராமிலிருந்துதான் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, ராம் சரியில்லை என்ற சமாசாரத்தை எழுதிக் காட்டுவதற்கே ராம் வேண்டியதாகிறது. இதனால்தான் பழைய மதர்போர்டுகள், நினைவின் உதவி சிறிதும் தேவைப்படாத சிறு ஸ்பீக்கரைக் கொண்டு 'பீப்' என்று ஒலி எழுப்பின. எத்தனை ஒலிக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸ் தயாரித்த கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் போய், 'டிராம்' என்று பெயர் பொறித்த சிறு விளக்கு வந்திருக்கிறது. அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், வேறெங்கும் தேடவேண்டிய அவசியமில்லை.

தயார்ப்படுத்துவது என்றேனே, அது இரண்டு படிகளாக நிகழ்கிறது. ராமின் நடுப்பகுதியில், சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமும் மூன்று மில்லிமீட்டர் நீளமுமாக, மற்றச் சில்லுகளுக்கிடையே கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு சிறு சில்லு இருக்கும்; அந்த ராமின் ஜாதகம் முழுவதும், அதாவது கொள்ளளவு, வேகம், தாமதக் கணக்குகள், தயாரித்தவர் பெயர் எல்லாம், அதில்தான் பதிந்திருக்கின்றன. பயாஸ் முதலில் அதைப் படிக்கிறது. அதன்பின், தெரிந்த ஓர் எண்வரிசையை ராமில் எழுதி, திரும்பப் படித்து, சரியாக வரும் வரையில் சமிக்ஞைகளின் காலத்தை இம்மியிம்மியாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறது. கச்சேரிக்கு முன் மிருதங்க வித்துவான் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் போன்ற காரியம் இது. விநாடிக்கு 320 கோடி முறை தகவல் பரிமாறும் டிடிஆர்4 தலைமுறை ராமில், ஒரு பிட் நிலைத்திருக்கும் காலத்துக்குள் ஒளிகூடப் பத்து சென்டிமீட்டர் தூரம் செல்ல முடியாது என்பதை எண்ணினால், இந்தச் சுருதி எவ்வளவு நுட்பமானது என்பது புலப்படும். டிடிஆர்5 ராம் பொருத்திய கணினிகளில், முதல் தடவை இதற்குச் சில நிமிஷங்கள்கூடப் பிடிக்கும். இருண்ட திரையைக் கண்டு பதறி மின்சாரத்தை நிறுத்துகிறவர்கள், பாதியில் நின்ற அந்த வேலையை மறுபடியும் ஆதியிலிருந்து தொடங்கச் செய்கிறார்கள். ஆகையால் முதற் பரிகாரம், பத்து நிமிஷம் கைகட்டிக் காத்திருப்பதே.

அதற்கும் மசியாவிட்டால், மின் இணைப்பை அடியோடு பிடுங்கிவிட வேண்டும். கணினியை அணைத்த பின்னும் மதர்போர்டில் ஐந்து வோல்ட் மின்சாரம் காத்திருக்கும். மடிக்கணினியாயின் பேட்டரியின் இணைப்பையும் கழற்றி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, மிச்சமுள்ள மின்னேற்றத்தைத் தீர்த்த பிறகு, புதிய ராமை எடுத்துவிட்டுப் பழையதை அதன் பூர்வ ஸ்தானத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும். கணினி விழித்துக்கொண்டால் பாதி விசாரம் தீர்ந்தது. மதர்போர்டுக்குத் தோஷம் இல்லை. அடுத்து, புதியதை மட்டும் தனியே பொருத்த வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில், ஒற்றை ராமுக்குரிய இடம் பெரும்பாலும் பிராசஸருக்கு அடுத்ததன்று, அதற்கும் அடுத்தது. ராமின் இரு முனைகளையும் கட்டைவிரல்களால் சமமாக அழுத்தி, 'கிளிக்' என்ற ஓசை கேட்டதா என்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கொக்கி மட்டும் விழுந்து, மறுபக்கம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்பதே இந்த நோயின் மிகச் சாதாரணமான காரணம். பொன்முலாம் பூசிய முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர் மெக்கானிக்குகளின் சம்பிரதாயம். அது மூடநம்பிக்கையன்று, பழைய ராமில் படிந்த அழுக்கை அது நீக்கத்தான் செய்கிறது. ஆனால் முலாம் மிக மெல்லியதாகையால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியே உசிதம்.

புதிய ராம் தனியாகவும் விழிக்கவில்லையென்றால், அது பழுதாக இருக்கவேண்டும் என்பதில்லை; நல்ல ராமே அந்த யந்திரத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறிடத்தில் இருப்பதால், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. இந்த ஜாக்கிரதையைச் செய்தவர்களுக்கு நாம் நன்றி பாராட்டவேண்டும். ஆனால், வெட்டு தடுக்காத பொருத்தமின்மைகளும் உண்டு. 1.5 வோல்ட் டிடிஆர்3 ராம், 1.35 வோல்ட்டே வழங்கும் மடிக்கணினியில் தாராளமாக நுழையும், வேலை செய்யாது. சர்வர்களிலிருந்து கழித்து மலிவாக விற்கப்படும் ரெஜிஸ்டர்டு ராமும் அவ்விதமே மேசைக் கணினியை ஊமையாக்கிவிடும். எல்லாவற்றிலும் விசேஷமானது கொள்ளளவுப் பொறி: 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸர்கள், நான்கு ஜிகாபிட் வரையுள்ள சில்லுகளையே அறியும், எட்டு ஜிகாபிட் சில்லுகளால் ஆன 16 ஜிபி டிடிஆர்3 ராமை அவற்றில் பொருத்தினால், பாதியளவாவது காட்டுவோம் என்ற தாட்சணியம்கூட இல்லாமல் நின்றுவிடும். அதே ராம் ஐந்தாம் தலைமுறையில் நன்றாக வேலை செய்யும். கையேட்டில் 'ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு' என்ற ஒரு வரியை வாங்குமுன் பார்த்துக்கொள்வது, கடைக்காரரின் வாக்குறுதியைவிடப் பிரயோஜனமானது. பயாஸைப் புதுப்பித்தால் தீரும் பொருத்தமின்மைகளும் உண்டு. அதைப் பழைய ராமைக் கொண்டே செய்யவேண்டும்.

பழையதும் தனியே வேலை செய்கிறது, புதியதும் தனியே வேலை செய்கிறது, சேர்த்தால் மட்டும் இரண்டும் மௌனம் என்றால், வேகத்தில் சந்தேகம் கொள்ளவேண்டும். டிடிஆர்4 ராமின் உறையில் 3200 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், பல சமயங்களில் அது எக்ஸ்எம்பி என்ற விருப்பத் திட்டத்தின் வேகமே. திட்டமின்றி அது 2133இலோ 2666இலோதான் எழும். ஒரு ஜோடிக்காக முன்பு வைத்த அத்திட்டம், வேறு ஜாதி ராம் சேர்ந்தபின் தாங்காமற்போவது இயல்பு. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைத்தாலோ, அதற்கென உள்ள ஜம்பரை இணைத்தாலோ, பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து, நிதானமான வேகத்தில் தொடங்கும். ராம்களில் எது மந்தமோ, அதன் வேகத்துக்கே மற்றவையும் இறங்கிவரும்.

திரை வந்தபின் உடனே மூடியைத் திருகிவிடாமல், மெம்டெஸ்ட்86 என்ற இலவசப் பரிசோதனை நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது. கோடிக்கணக்கான அறைகளில் ஒன்றே ஒன்று பிழையாக இருந்து, சிவப்பு வரி ஒன்று தோன்றினாலும், அந்த ராமை மட்டும் தனியே வைத்து இன்னொரு முறை சோதித்து, பிழை மீண்டும் வருமாயின், தயக்கமின்றிப் பில்லுடன் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தயாரிப்பாளர் பலர் ராமுக்கு ஆயுட்கால வாரண்டியே கொடுக்கிறார்கள்.