படகில் ஈய பாட்டரியும் லிதியம் பாட்டரியும்

ஆற்றிலும் காயலிலும் விளைபொருள் ஏற்றிச்செல்லும் எஞ்சின் படகுகளை வைத்திருப்போரில் சிலர், எஞ்சினைக் கிளப்புவதற்குப் பழைய ஈய பாட்டரியை நிறுத்திக்கொண்டு, விளக்கு, பம்பு முதலியவற்றிற்கு லிதியம் பாட்டரி வாங்கிச் சேர்க்கின்றனர். யோசனை நல்லதே. ஈய பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குன்றும். லிதியத்திலோ நூற்றுக்கு 80 பங்கு வரை தாராளமாய் எடுக்கலாம். எடையும் குறைவு. ஆயினும் இரண்டின் முனைகளையும் கம்பியால் நேரே பிணைத்துவிடுதல் கூடாது.

முழுதும் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கையில் ஈய பாட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். படகுகளில் வழங்கும் லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி சுமார் 13.3 வோல்ட் காட்டும். மேட்டு வயலின் நீர் பள்ள வயலுக்கு வடிவதுபோல் லிதியத்திலிருந்து ஈயத்திற்கு மின்சாரம் ஓடும். ஈய பாட்டரி நன்னிலையில் உள்ளவரை இவ்வோட்டம் சொற்பமே. அதன் ஆறு அறைகளில் ஒன்று உட்புறம் பழுதாகி ஷார்ட் ஆனாலோ, வோல்ட் 10.5 அளவிற்கு இறங்கிவிடும். லிதியம் தன்னிடமுள்ளதை எல்லாம் அதில் கொட்டும். ஈய பாட்டரி கொதித்து ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். காற்றோட்டமில்லாத அறையில் அது தீப்பற்ற ஒரு பொறி போதும்.

ஆல்டர்நேட்டர் கெடுவது இதனினும் சகஜம். லிதியம் கொடுப்பதையெல்லாம் தடையின்றி வாங்கிக்கொள்ளும். ஆகையால், எஞ்சின் மெதுவாய் ஓடுகையில் போதிய குளிர்ச்சியின்றி ஆல்டர்நேட்டரின் சுருள் கருகும். அன்றியும், லிதியத்தினுள் இருக்கும் காவற்கருவி ஏதேனும் காரணத்தால் திடீரெனத் தொடர்பை அறுக்குமானால், வேறு பாட்டரி இணைப்பில் இல்லாதபோது வோல்ட் ஒரே நொடியில் எகிறி டயோடுகளைச் சுட்டுவிடும்.

ஆகவே ஆல்டர்நேட்டரை ஈய பாட்டரியோடு மட்டும் சேர்த்து, அங்கிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் என்னும் கருவியின் வழியே லிதியத்திற்கு ஏற்றுவதே தக்க முறை. அது குறித்த ஆம்பியருக்குமேல் விடாது. 60 ஆம்பியர் ஆல்டர்நேட்டருக்கு 30 ஆம்பியர் கருவி ஏற்றது. லிதியம் விலகினாலும் ஈய பாட்டரி நின்று அதிர்ச்சியைத் தாங்கும். விலையை எண்ணித் தயங்குவோர் புது ஆல்டர்நேட்டரின் விலையையும் விசாரித்துக்கொள்க. எஞ்சின் நின்றதும் கருவியும் நிற்குமாறு அமைக்காவிடில் கிளப்பும் பாட்டரி காலியாகும்.

ஈய பாட்டரிக்குச் சில கரைச் சார்ஜர்கள் 15 வோல்ட்டிற்குமேல் கொடுப்பதுண்டு. அது லிதியத்திற்கு ஆகாது. அதற்கு 14.2 முதல் 14.4 வரை போதும். இரு பாட்டரிகளுக்கும் தனித்தனியே, முனைக்கு மிக அருகில் பியூஸ் வைக்கவேண்டும். லிதியத்தின் ஷார்ட் மின்னோட்டம் மிகக் கடுமையாதலால், அதைத் துண்டிக்கவல்ல பியூஸையே கேட்டு வாங்குதல் அவசியம்.