விமானத்தையே திருப்பி விட்ட போகிப் புகை!

டயரை எரிக்காதீங்க, குப்பை வண்டியில் கொடுத்தாலே போதும்

2018-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, போகிப் பண்டிகை. விடியற்காலையில் சென்னை நகரமே புகையில் மூழ்கியது.

மீனம்பாக்கத்தில் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. புறப்பட வேண்டிய விமானங்கள் காத்துக் கிடந்தன.

மார்கழிப் பனியோடு, தெருத் தெருவாக எரித்த புகையும் சேர்ந்ததே காரணம்.

டயர் வந்த வினை

அந்தக் காலத்தில் போகிக்கு எரிந்தது கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம். பிறகுதான் டயர், டியூப், பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேர்ந்தன.

டயர் எரிந்தால் கரும்புகையோடு கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு வாயுக்களும் கிளம்பும். மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். புகை மேலே போகாமல் தெருவிலேயே தேங்கும்.

புகையில் உள்ள நுண்துகள், தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். மூச்சோடு நேரே நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் திணறுவது ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தைகளும்தான்.

வாசலுக்கு ஒரு அதிகாரியா?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. டயர், பிளாஸ்டிக் எரிக்க ஐகோர்ட்டு தடையும் உண்டு. முதல் நாள் இரவே அதிகாரிகள் ரோந்து கிளம்புவது வழக்கம். ஆனால் வாசலுக்கு ஒரு அதிகாரி நிற்க முடியுமா?

இதற்கு மாநகராட்சி ஒரு வழி காட்டியது. பழைய துணி, டயர், டியூப், பிளாஸ்டிக் பொருட்களை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கலாம் என்று 2023-ல் போகிக்குச் சில நாள் முன்பே அறிவித்தது. பழசு வீட்டை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு நெருப்பு எதற்கு?

ஆனால் வண்டி வந்தால் மட்டும் ஆகாது. வீட்டில் உள்ளவர்கள் பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர் தேய்ந்த டயரைத் தெருப் பையன்களிடம் தூக்கிக் கொடுக்கக் கூடாது. "நான் ஒருத்தன் எரிச்சா என்ன ஆயிடும்?" என்று ஆளுக்கு ஆள் நினைத்தால் ஊரே இருமும்.

வண்டி வரவில்லையா? மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

பையன்கள் போகி மேளம் கொட்டட்டும். சத்தம் இருக்கட்டும், புகைதான் வேண்டாம்!