நடுவர் கண்ணும் நடுவர் கருத்தும்

இங்கிலாந்துக் காற்பந்தாட்டங்களை வார இறுதி இரவுகளில் தொலைக்காட்சி வழியே கண்டு களிப்போர் நம்மிடையே மிகப் பலர். திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் அறைகளிலும் காப்பிக் கடைகளிலும் அவர்கள் பேச்சைச் சிறிது செவிமடுத்தால் ஓர் உண்மை புலப்படும். ஆட்டக்காரரைப் பற்றிய பேச்சினும் நடுவரைப் பற்றிய பேச்சே மிகுதி. அப்பேச்சிலும் 'நடுவர் தவறு செய்தார்' என்பது பாதியளவே. 'சென்ற வாரம் அவர்களுக்குக் கொடுத்ததை இந்த வாரம் நமக்குக் கொடுக்கவில்லையே!' என்னும் ஆற்றாமையே மீதிப் பாதி. இவ்விரண்டு குறைகளும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. முன்னதைக் கருவி கொண்டு பெரும்பாலும் போக்கலாம். பின்னதை அவ்வாறு போக்க முயன்றதால் வந்த இடர்ப்பாடே இன்று காண்பது.

முதலில் சொல்லை நோக்குவோம். நடுவர் என்பவர் நடுவே நிற்பவர். ஒரு பக்கம் சாயாதவர். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆங்கிலேயர் வழங்கும் 'ரெஃபரி' என்னும் சொல்லின் பொருள் வேறு. தமக்குள் தீர்த்துக்கொள்ள இயலாத ஒன்றை யாரிடம் கொண்டு சென்று கேட்கின்றனரோ அவரே ரெஃபரி. இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. இங்கிலாந்தில் காற்பந்தாட்டம் விதிகள் பெற்று வளர்ந்த தொடக்க காலத்தில் கட்சிக்கு ஒருவராக இரண்டு 'அம்பயர்கள்' இருந்தனர். அவ்விருவரும் மாறுபட்டபோது மட்டும், ஆடுகளத்திற்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் வழக்குச் சென்றது. 1891-ஆம் ஆண்டில்தான் அம்மூன்றாமவர் ஊதலுடன் களத்தினுள் வந்தார். இரண்டு அம்பயர்களும் கோட்டோரம் அனுப்பப்பட்டுக் கோட்டு நடுவர்கள் ஆயினர். ஆக, தமிழ்ச் சொல்லின் பொருளுக்கேற்ப அவர் உண்மையிலேயே நடுவே வந்து நின்றது 1891-இல்தான். அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர் கண்டதே காட்சி, கொண்டதே முடிவு. 1974-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் போலந்தும் ஹெய்ட்டியும் மோதிய உலகக் கிண்ண ஆட்டத்தைச் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா நடத்தினார். அவருக்குத் துணை இரண்டு கோட்டு நடுவர்களே. திரையும் இல்லை, திரும்பப் பார்த்தலும் இல்லை.

கண் தவறுவது இயல்பு. அத்தவறு உலகமே காணும் இடத்தில் நிகழும்போது ஆறாத வடுவாகி விடுகின்றது. 1966-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வெம்பிளி அரங்கில், இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டைக் கடந்ததா இல்லையா? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நடுவர் டீன்ஸ்ட், அஜர்பைஜானைச் சேர்ந்த கோட்டு நடுவர் பஹ்ராமோவை அணுகிக் கேட்டு, கோல் என்றார். மேற்கு ஜெர்மானியர் அதனை இன்றளவும் ஒப்பவில்லை. 1986-இல் மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிப் புகுத்திய பந்தைத் துனீசிய நடுவர் கோல் என்று ஏற்றார். 2010-இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் நிகழ்ந்தது ஊழின் திருவிளையாடல் போலும். அதே இங்கிலாந்து, எதிரே அதே ஜெர்மனி. லம்பார்டு உதைத்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நெடிது உள்ளே விழுந்தது. அரங்கமே கண்டது; நடுவர் காணவில்லை. கோல் ஆகியிருப்பின் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலை எய்தியிருக்கும். முடிவில் இங்கிலாந்து ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றது.

அதன் பின்னர் 2012-ஆம் ஆண்டு ஜூலையில், விதிகளை வகுக்கும் பன்னாட்டு வாரியம் கோட்டுக் கருவிக்கு இசைவு தந்தது. பந்து முழுமையும் கோட்டைக் கடந்தால் நடுவரின் கைக்கடிகாரம் அதனை அறிவிக்கும். இதுபற்றி எவரும் இன்று பெரிதாகப் பூசலிடுவதில்லை. (2020 ஜூனில் ஷெஃபீல்டு யுனைட்டெட், ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் ஆட்டக்காரர் உடல்கள் மறைத்தமையால் அக்கருவியும் குருடானது, அது மிக அரிதாக நேர்ந்த ஒன்று.) பந்து கடந்ததா என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள் உண்டு. அது கண்ணின் வேலை. கண்ணின் வேலையைக் கருவி செய்யும்.

இவ்வெற்றியே அடுத்த அடிக்குத் துணிவு தந்தது. 2018 மார்ச்சு மாதம் காணொளித் துணை நடுவர் முறை, அஃதாவது நம் இளைஞர் 'வார்' என்று குறிப்பிடும் முறை, விதிகளில் இடம்பெற்றது. அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்திலும், 2019 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தின் முதன்மைக் குழுப் போட்டியிலும் அது வழக்கிற்கு வந்தது. கோல், பெனால்டி என்னும் தண்டனை உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என நான்கில் மட்டுமே தலையிடலாம் என வகுத்தனர். அத்துடன் ஒரு வேலியும் இட்டனர். களத்து நடுவரின் முடிவு தெளிவாகவும் வெளிப்படையாகவும் தவறாயிருந்தால் அன்றித் திரையின் முன் அமர்ந்திருப்பவர் குறுக்கிடலாகாது என்பதே அது. நல்லெண்ணத்துடன் இட்ட இவ்வேலிதான் வழக்கின் வேர்.

ஆசிரியர் பெருமக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கணக்குத் தாளைத் திருத்துவோர் பதின்மராயினும் மதிப்பெண் பெரும்பாலும் ஒன்றே. கட்டுரைத் தாள் அப்படியன்று. ஒருவர் 60 இடுவதற்கு இன்னொருவர் 52 இடுவார். இருவரும் நேர்மையாளரே. இப்போது தலைமைத் தேர்வாளர் ஒருவரை அமர்த்தி, 'மதிப்பெண் வெளிப்படையாகத் தவறாயிருந்தால் மட்டும் மாற்றுக. இல்லையேல் தொடாதீர்' என்று கட்டளையிட்டதாகக் கொள்வோம். முதல் தாளில் 60 இருக்கிறது. தலைமைத் தேர்வாளர் 52 போதும் என எண்ணுகின்றார், ஆனால் 60 வெளிப்படையான தவறன்று, விட்டுவிடுகின்றார். அதே தரமுள்ள இரண்டாம் தாளில் 52 இருக்கிறது. அதுவும் வெளிப்படையான தவறன்று, அதனையும் விட்டுவிடுகின்றார். கட்டளையை அவர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார். எனினும் ஒரே தரமாக எழுதிய மாணவர் இருவரில் ஒருவன் 60-ம் மற்றவன் 52-ம் பெற்றான். முன்னர் இந்த வேறுபாட்டைத் திருத்தியவரின் தனிப்போக்கு என்று பொறுத்துக்கொண்டனர். இப்போதோ மேலவர் பார்த்து முத்திரையிட்ட பின்னும் அது நிற்கின்றது. பெற்றோர் கொதிக்காமல் என் செய்வர்?

காற்பந்தில் நிகழ்வது இதுவே. தடுப்பாளர் காலை நீட்டினார், தாக்குபவர் விழுந்தார். ஒரு நாள் நடுவர் பெனால்டி கொடுத்தார். திரைமுன் இருப்பவர் அதனை வெளிப்படையான தவறாகக் கருதவில்லை. மறுநாள் வேறொரு நடுவர் கொடுக்கவில்லை. அதுவும் வெளிப்படையான தவறில்லை. இரண்டும் முறைப்படி சரியே. இன்னும் ஒரு சிக்கல் உண்டு. எது வெளிப்படையானது என்று முடிவு செய்வதும் ஒருவர் கருத்தே அன்றோ? முன்பு ஒரு கருத்து இருந்த இடத்தில் இப்போது இரண்டு கருத்துகள். பந்து கையில் படும் குற்றம் இதற்கு நல்ல சான்று. கை உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கியதா என்பதே கேள்வி. 2019-இலும் மீண்டும் 2021-இலும் அவ்விதியின் சொற்களைத் திருத்தினர். ஆயினும் எது இயல்பு என்பதை எந்தச் சொல்லால் அளப்பது?

மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும் என்பது பொதுவான நம்பிக்கை. இதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு செயலை மெதுவாக ஓட்டிக் காட்டினால், காண்போர் அதனை வேண்டுமென்றே செய்ததாகக் கருதும் போக்கு மிகுகின்றது என 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கணப்பொழுதில் மோதிய கால், மெதுவான படத்தில் எண்ணித் துணிந்து மிதிப்பதுபோல் தோன்றும். ஆகவே, எங்கே பட்டது என்பதை அறியவே மெதுவான படம், எவ்வளவு வேகமாகப் பட்டது என்பதை அறிய இயல்பான வேகமே எனக் காணொளி நெறிமுறை கூறுகின்றது. நெறிமுறை நன்றே. படத்தைக் கண்ட மனம் அதனை மறக்குமா என்பது வேறு.

'ஆஃப்சைடு' கணக்கோ இரண்டுங்கெட்ட நிலை. அது கணக்குத் தாள் போலத் தோன்றும். ஆயினும் நொடிக்கு 50 படங்கள் எடுக்கும் கருவியில், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழிகின்றது. நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். பந்து காலை விட்டகன்ற கணம் எந்தப் படத்தில் என்று மனிதர் தேர்ந்துகொண்டு, அதன்பின் விரற்கடை அளவுக்குக் கோடு கிழித்துக் கோலை மறுத்தனர்! 2022-இல் கத்தாரில் பந்தினுள்ளேயே நொடிக்கு 500 முறை குறிப்பறியும் கருவி வைத்து இக்குறையைப் பெரிதும் குறைத்தனர். இங்கிலாந்தின் முதன்மைக் குழுப் போட்டியில் பாதி தானியங்கும் முறை 2025 ஏப்ரலில்தான் வந்தது.

கண்ணும் சரியாயிருந்து, கருத்தும் சரியாயிருந்து, வாய்ச்சொல்லால் கெட்டதும் உண்டு. 2023 செப்டம்பர் 30-ஆம் நாள் டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் டியாஸ் அடித்த கோலைத் துணை நடுவர் ஆஃப்சைடு என்றார். திரைமுன் இருந்தவர் அது முறையான கோல் என்பதைச் சரியாகவே கண்டார். ஆனால் களத்திலும் கோல் என்றே முடிவு செய்திருந்ததாக மயங்கி, ஆய்வு முடிந்தது என அறிவித்துவிட்டார். களத்து முடிவே நிலைத்தது. அஃதாவது கோல் இல்லை! பிழையை உணர்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. தொடங்கியபின் மீள விதி இடந்தரவில்லை. லிவர்பூல் ஒன்றுக்கு இரண்டு எனத் தோற்றது. நடுவர் அமைப்பு பிழையை ஒப்புக்கொண்டு, சில நாள்களில் உரையாடல் ஒலிப்பதிவையும் வெளியிட்டது.

இரசிகர் மனக்கசப்பு வாக்குப் பெட்டி வரை சென்றதும் உண்டு. 2024 ஜூனில் இம்முறையைக் கைவிட வேண்டும் என்று வுல்வர்ஹாம்ப்டன் கழகம் கொணர்ந்த தீர்மானத்திற்கு அதன் வாக்கு ஒன்றே விழுந்தது; ஏனைய 19 கழகங்களும் எதிர்த்தன. சுவீடனில் நிலை வேறு. அங்கே கழகங்களில் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி; உறுப்பினர் என்போர் இரசிகரே. அவர்கள் விரும்பாமையால் 2024-இல் அந்நாடு இம்முறையை ஏற்க மறுத்தது. நார்வேயில் அதே ஆண்டு ஜூலையில் டிரான்ட்ஹைம் நகர ஆட்டமொன்றில் மீன்வடை போன்ற பண்டத்தைக் களத்தில் வீசியே இரசிகர் எதிர்ப்பைக் காட்டினர். ஆட்டம் இடையில் நின்றது. (உண்ணும் பொருளை வீசியது முறையன்று, எனினும் கல்லை வீசவில்லை.) ஆயினும் 2025 மார்ச்சில் அந்நாட்டுச் சங்கத்தின் பேரவை இம்முறையை வைத்துக்கொள்ளவே வாக்களித்தது.

இரசிகர் கேட்பது யாது என்று உற்று நோக்கினால், பிழையே நேராத நடுவரை அவர்கள் கேட்கவில்லை. கோல் விழுந்ததும் துள்ளி எழ விரும்புகின்றனர். எழுந்தபின், ஏன் அமர நேர்ந்தது என்று அறியவும் விரும்புகின்றனர். அரங்கில் இருப்போருக்குக் காரணம் தெரியாமல் நிமிடங்கள் கழிவதே பெருங்கொடுமை. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் நடுவர் ஒலிபெருக்கியில் முடிவையும் காரணத்தையும் தாமே அறிவித்தனர். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் லீக் கிண்ண அரையிறுதியிலும் அவ்வாறு செய்தனர். ரக்பி ஆட்டத்தில் இதனினும் மேலாக, நடுவரும் திரைமுன் இருப்பவரும் பேசிக்கொள்வது முழுவதையும் தொலைக்காட்சியில் காண்போர் உடனுக்குடன் கேட்கின்றனர். அவ்வுரையாடல் அன்று காற்பந்திலும் ஒலித்திருந்தால், டியாஸின் கோலைப் பற்றிய மயக்கத்தை அரங்கிற்கு அப்பால் இருந்த எவரேனும் அக்கணமே உணர்ந்திருப்பர்.