பெட்டிக்குள் இருக்கும் பதக்கம்

கச்சிராயபாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. உள்ளே பட்டாளத்துச் சட்டையும் ஒரு பதக்கமும். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அழைத்தபோதுகூட அவர் அதைக் குத்திக்கொண்டதில்லை. காரணம், அது இலங்கைக்குப் போய் வந்ததற்காகக் கிடைத்தது.

1983 ஜூலைக் கலவரத்தின்போது ஈழத்தமிழர்களுக்காகத் தமிழ்நாடே துடித்தது. ஊர் ஊராக உண்டியல் குலுக்கினார்கள். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட, இந்திய அமைதிப்படை போனது. அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள். நம் வீரர்களிலும் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை.

யாருக்காக உண்டியல் குலுக்கினோமோ, அந்த மண்ணிலேயே நம் படை சுடுகிறது. இந்தக் குழப்பம் நேராக வீடுகளுக்குள் வந்தது. "உங்க வீட்டுக்காரரு நம்ம சனத்தையே சுடுறாராமே" என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ கேட்ட பிறகு, பெரியம்மா வெளியே பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கணவர் எங்கே என்றால், "வடக்க இருக்காரு" என்பதோடு சரி.

1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரி என்றவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டதும் காற்று திசை மாறியது. அதுவரை அனுதாபத்தோடு பார்க்கப்பட்ட அகதிகள் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. முடிவெடுத்தது யாரோ; சுமந்தது இந்த இரு தரப்புக் குடும்பங்களும்தான்.

வியட்நாம் போரில் 58,000-க்கும் அதிகமான வீரர்களைப் பறிகொடுத்த அமெரிக்காவிலும் இதே கதைதான். திரும்பி வந்தவர்களிடம் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1982-ல் வாஷிங்டனில் இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவர் எழுந்தது. போரை ஆதரித்தவர், எதிர்த்தவர் என்ற பேதமில்லாமல் அங்கே வந்து அழுதார்கள்.

போரை ஏற்காமல் இருப்பது நம் உரிமை. ஆனால், அதற்காகப் போய் வந்தவரின் வாயை அடைக்க வேண்டியதில்லை. அவர் பேசினால்தான் அங்கே செத்தவர்களின் கதையும் வெளியே வரும்.

போன பொங்கலுக்கு கோமுகி அணைக்கரையில் என் மகள் கேட்டாள்: "அங்க என்ன தாத்தா நடந்துச்சு?"

வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலம்மா" என்று ஆரம்பித்தார்.