பேப்பரே சிக்கவில்லை... ஆனாலும் 'பேப்பர் ஜாம்'! பிரின்டரின் பொய்ப் புகாரை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

இரவு பத்து மணி. விடிந்தால் மகளுக்குப் போட்டித் தேர்வு. ஹால் டிக்கெட்டை பிரின்ட் எடுக்க வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். 'வீட்டுலதான் பிரின்டர் இருக்கே' என்று ஸ்விட்சைப் போட்டால், 'பேப்பர் ஜாம்' என்று சொல்லி ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டுகிறது. அப்பா மூடியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மூடிவிட்டு மறுபடி போட்டால், மறுபடியும் அதே விளக்கு.

இன்க்ஜெட் பிரின்டர் இருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது. 'மெஷின் போச்சு' என்று முடிவுகட்டி, புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால், பல நேரங்களில் இந்தப் புகாருக்குப் பின்னால் இருப்பது மிகச் சின்னக் காரணம்தான். ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

பிரின்டர் ஏன் பொய் சொல்கிறது?

காகிதம் சிக்கியிருப்பதை பிரின்டர் நேரில் 'பார்ப்பதில்லை'. சில அறிகுறிகளை வைத்து யூகிக்கிறது. அந்த அறிகுறி தவறினால் யூகமும் தவறிவிடும். பொதுவாகத் தவறும் இடங்கள் மூன்று.

முதலாவது, சென்ஸார். காகிதம் போகும் பாதையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கும். காகிதம் வந்து தள்ளினால் அது சாயும். காகிதம் கடந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கிழிசலோ தூசியோ அடைத்து, அது சாய்ந்தபடியே நின்றுவிட்டால், 'காகிதம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது' என்று பிரின்டர் நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, என்கோடர் ஸ்ட்ரிப். மை தெளிக்கும் தலைப்பகுதி இடமும் வலமுமாக ஓடும் அல்லவா? அதன் பின்னால் இந்த மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதில் மிக நெருக்கமான கோடுகள் உண்டு. தையல்காரரின் இன்ச் டேப் போல, தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அந்தக் கோடுகளை வைத்துத்தான் தலைப்பகுதி தெரிந்துகொள்கிறது. பட்டையில் மையோ பிசுக்கோ படிந்தால் கணக்கு தப்பிவிடும். 'ஏதோ தடுக்கிறது' என்று பிரின்டர் நின்றுவிடும்.

மூன்றாவது, காகிதத்தை உள்ளே இழுக்கும் ரப்பர் ரோலர். தூசி படிந்து வழுவழுப்பாகிவிட்டால் அதற்குப் பிடிப்பு இருக்காது. எதிர்பார்த்த நேரத்துக்குள் காகிதம் வந்து சேராவிட்டால், சில மாடல்கள் அதையும் 'ஜாம்' என்றே சொல்லும்.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

* ஆன் செய்த உடனே வருகிறதா? சென்ஸார் நெம்புகோலையும் தலைப்பகுதி ஓடும் வழியையும் சந்தேகப்படுங்கள்.
* தலைப்பகுதி ஓரத்தில் போய் 'தடக்'கென்று இடித்துவிட்டு நிற்கிறதா? என்கோடர் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள்.
* ரோலர் சுற்றும் சத்தம் கேட்கிறது, காகிதம் மட்டும் நகரவில்லையா? ரோலரைத் துடைக்க வேண்டும்.
* இரண்டு பக்கமும் பிரின்ட் எடுக்கும்போது மட்டும் வருகிறதா? பின்பக்க மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பிரின்டர் ஆனில் இருக்கும்போதே பவர் ஒயரைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்துச் செருகி ஆன் செய்யுங்கள். பழைய புகார் நினைவிலேயே தங்கியிருந்தால் இதிலேயே போய்விடும்.

2. போகவில்லையா? மறுபடி ஒயரைக் கழற்றிவிட்டு, எல்லா மூடிகளையும் திறந்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பக்கமாகக் காகிதம் வைக்கும் மாடல்களில் ரப்பர் பேண்ட், ஹேர்பின், பென்சில் துண்டு என எதுவும் உள்ளே விழுந்திருக்கலாம். காகிதக் கிழிசல் தெரிந்தால், கிழியாமல் இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள்.

3. நெம்புகோல் கண்ணில் பட்டால், விரல்நுனியால் லேசாகத் தள்ளிவிடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும்.

4. பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிலும் துடையுங்கள். காய்ந்த பிறகே காகிதம் வையுங்கள்.

5. இன்னொரு ஈரத்துணியால் என்கோடர் ஸ்ட்ரிப்பை மிக மென்மையாகத் துடையுங்கள். இழுக்கக் கூடாது, கொக்கியிலிருந்து கழன்றால் திரும்ப மாட்டுவது சிரமம். ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம், கோடுகள் அழிந்துவிடலாம்.

6. பழைய காகிதக் கட்டை எடுத்துவிட்டு, புதிய தாள்கள் பத்தைப் பிரித்து உதறி, ஓரங்களைச் சமமாகத் தட்டி வையுங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டும். பக்கவாட்டு கைடுகள் காகிதத்தைத் தொட்டபடி இருந்தால் போதும், இறுக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

'கீச்' சத்தம் வருகிறதே என்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். அது பட்டையிலும் ரோலரிலும் பட்டால் புதுப் பிரச்னை கிளம்பும். இன்க் டேங்க் பிரின்டரைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். மை உள்ளே கொட்டிவிடும். தலைப்பகுதி நகர மறுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். சில மாடல்களில் அது ஓரத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும்.

எல்லாம் செய்தும் விளக்கு அணையாவிட்டால் பல்சக்கரம், மோட்டார் அல்லது சென்ஸாரே பழுதாகியிருக்கலாம். அதற்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. வாரன்டி இருந்தால் நீங்களே ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். அவசரத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவற்றில் போலிகளும் உண்டு. பிரின்டர் பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும் எண்ணையே அழையுங்கள். போனில் ஓர் ஆப்பை இறக்கச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.

புதிது வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், ஈரத்துணியோடு செலவிடும் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பிரின்டர் மின்னணுக் குப்பையாவதும் தவிரும். வாரம் ஒருமுறை ஒரு கலர் பக்கம் பிரின்ட் எடுங்கள், மை காய்ந்துபோகாது. வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடிவையுங்கள், தூசி அண்டாது.

ஹால் டிக்கெட் மட்டும், கடைசி இரவு வரை காத்திருக்க வேண்டாம். டவுன்லோடு செய்த அன்றே இரண்டு காப்பி எடுத்து, ஒன்றைத் தேர்வுக்குக் கொண்டுபோகும் பையிலேயே வைத்துவிடுங்கள். அதன் பிறகு பிரின்டர் என்ன பொய் சொன்னாலும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்!