கிரீட் தீவின் ஏழை உணவு

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியப் படையின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்டு, அது நீங்கிய பின்னும் வறுமையில் ஆழ்ந்துகிடந்த கிரீட் தீவைச் சீர்படுத்துவதற்கு வழி என்ன என்பதை ஆராய்ந்து கூறுமாறு கிரேக்க அரசாங்கம் வேண்டிக்கொள்ள, அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் 1948-ஆம் ஆண்டில் லேலண்ட் ஆல்பா என்பவரின் தலைமையில் அங்கே ஒரு விரிவான ஆய்வை நடத்தினார்கள். குடும்பத்தின் வருவாய் முதல் அடுப்பில் வேகும் ஆகாரம் வரை அனைத்தையும் விசாரித்து எழுதிக்கொண்ட அக்குழுவினர் அங்கே கண்டது, இறைச்சியும் பாலும் அருகிய உணவை உண்டும், மொத்தத்தில் போஷணைக்குப் பெரிய குறைவின்றி வாழ்ந்துவந்த ஒரு ஜனசமூகத்தை. ஆயினும் அந்த ஆகாரத்தை உண்டவர்கள் அதனைச் சிறிதும் மெச்சிக்கொள்ளவில்லை. விசாரிக்கப்பட்ட குடும்பங்களில் ஆறில் ஒரு பங்கே தங்கள் உணவு திருப்தியளிப்பதாகச் சொல்ல, பெரும்பாலோர் இறைச்சி கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்று 'மத்தியதரைக்கடல் உணவுமுறை' என்று உலகமெங்கும் போற்றப்படுவது, இவ்வாறு இல்லாமையின் காரணமாக உண்ணப்பட்ட ஆகாரமே என்பதை மனத்தில் கொண்டாலன்றி, அதன் நன்மையையும், அதில் ஒலிவ எண்ணெய்க்கு உரிய ஸ்தானத்தையும் சரிவர அறிந்துகொள்ள இயலாது.

அக்காலத்துக் கிரீட் விவசாயியின் உணவில் முதலிடம் பெற்றவை கோதுமையும் பார்லியும். பார்லி மாவில் செய்து, இரண்டாம் முறையும் அடுப்பிலிட்டுக் கல்போல் உலர்த்திய ரொட்டியை நீரில் நனைத்தும், மேலே எண்ணெய் வார்த்தும் உண்டார்கள். மொச்சை, அவரை, பயறு வகைகள் வாரத்தில் பல நாட்கள் சட்டியேறின. மழைக்காலம் தொடங்கியதும் மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் பலவகைக் கீரைகளைப் பெண்கள் கத்தியும் கூடையுமாகச் சென்று பறித்துவந்து, அவித்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து பரிமாறுவார்கள். நாம் பருப்புக்கீரை என்று வழங்கும் கீரையும் அத்தீவினர் விரும்பி உண்பவற்றுள் ஒன்று. காய்கறிகளையோ வெங்காயம், தக்காளியோடு சேர்த்து, எண்ணெயைத் தாராளமாக வார்த்து, நீரைக் குறைத்து, சிறு நெருப்பில் நெடுநேரம் வேகவைத்தார்கள். மீனும் ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியும் சிறிதளவு இடம்பெற, இறைச்சி பண்டிகை நாட்களுக்கே உரியதாயிற்று. இவற்றோடு, கிரேக்கத் திருச்சபையின் விதிப்படி ஆண்டில் ஏறக்குறைய 180 நாட்கள் புலாலும் பாலும் முட்டையும் விலக்கும் உபவாச வழக்கமும் சேர்ந்துகொள்ள, அவர்களுடைய ஆகாரம் வறுமையாலும் மதாசாரத்தாலும் தாவர உணவாகவே அமைந்துவிட்டது.

இந்த உணவு அனைத்தையும் ஒன்றாகப் பிணைத்தது ஒலிவ எண்ணெய். குளிர்காலத்தின் தொடக்கத்தில் மரத்தடியில் வலையை விரித்து, கிளைகளைக் கோலால் தட்டிக் காய்களை உதிர்த்து, காலதாமதமின்றி ஆலைக்குக் கொண்டுசெல்வார்கள். தாமதித்தால் காய் புளித்து எண்ணெய் கெடும். எள்ளையும் கடலையையும் போல விதையிலிருந்து எடுக்கப்படாமல், சதைப்பற்றுள்ள ஒரு கனியிலிருந்து எடுக்கப்படுவது இதன் விசேஷம். ஆகையால் கனியை அரைத்து, கூழாக்கிப் பிசைந்து, அதிலுள்ள நீரையும் எண்ணெயையும் பிரித்தாலே போதும். ரசாயனச் சரக்கு எதுவும் வேண்டுவதில்லை. மிகுந்த வெப்பம் படாமல் இவ்வாறு பிரித்த எண்ணெயில், தனித்துப் பிரிந்த அமிலத்தின் அளவு நூற்றுக்கு 0.8-க்கு மேற்படாமலும், சுவையிலும் மணத்திலும் குற்றமில்லாமலும் இருந்தால், அதனையே 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று முதல் தரமாகக் கொள்கிறார்கள். நம் செக்கெண்ணெயைப் போன்றே இதுவும் கனியின் மணத்தையும் கசப்பையும் தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பது. வெளிச்சமும் காற்றும் வெப்பமும் பட்டால் கெடும் இயல்புடையதாதலின், இதனைக் கறுத்த புட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். நல்ல புதிய எண்ணெயைத் தனியே விழுங்கினால் தொண்டையில் ஒரு காரம் உறைக்கும். அந்தக் காரத்துக்குக் காரணமான பொருள், உடலின் அழற்சியைத் தணிக்கும் ஐபுப்ரோபன் என்னும் மருந்தைப் போன்றே செயல்படுகிறது என்று 2005-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். எனினும் அன்றாடம் உண்ணும் எண்ணெயில் அப்பொருள் சிறிதளவே இருப்பதால், எண்ணெயை மருந்தாகக் கருதிவிடுவது பொருந்தாது.

இந்த எளிய ஆகாரத்தின்பால் உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் பேராசிரியர். செல்வம் கொழித்த அமெரிக்காவில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருக்க, யுத்தத்தில் நைந்த தெற்கு ஐரோப்பாவில் அந்நோய் அருகியிருப்பதற்குக் காரணம் என்ன என்று சிந்தித்த அவர், 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யுகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய ஏழு நாடுகளில் 40 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 12,700 ஆண்களைப் பரிசோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதில் கிழக்குப் பின்லாந்து மக்கள் இருதய நோயில் முன்னே நிற்க, கிரீட் மக்கள் அந்நோய் மிகவும் அருகியவர்களாகக் காணப்பட்டார்கள். இதில் வியப்பு யாதெனில், இரு பிரதேசத்தாரும் தங்கள் உணவின் சக்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கைக் கொழுப்பிலிருந்தே பெற்றுவந்தார்கள் என்பதே. பின்லாந்தில் அது வெண்ணெயும் பாலும், கிரீட்டில் அது ஒலிவ எண்ணெய். பூரிதக் கொழுப்பு முன்னதில் நூற்றுக்கு 20-க்கு மேலும், பின்னதில் 8 அளவிலும் இருந்தது. ஆகவே கொழுப்பின் அளவைக் காட்டிலும் அதன் ஜாதியே முக்கியம் என்ற கருத்து வலுப்பெற்றது. நாடுகளைத் தேர்ந்தெடுத்த முறை பற்றியும், கிரீட்டில் உணவை அளந்த சில நாட்கள் உபவாச காலத்தில் விழுந்தது பற்றியும் பிற்காலத்தார் குறைகூறியதுண்டு. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது என்ற ஆட்சேபமும் நியாயமானதே.

அந்த ஆட்சேபத்துக்கு ஒருவாறு விடைகூற முயன்றது, ஸ்பெயின் நாட்டில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய 'ப்ரெடிமெட்' என்னும் பரிசோதனை. இருதய நோய் இன்னும் வராத, ஆயினும் வரக்கூடிய நிலையிலிருந்த 7,447 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மத்தியதரைக்கடல் உணவோடு முதல் தர ஒலிவ எண்ணெயையும், இன்னொரு பிரிவினருக்கு அவ்வுணவோடு வாதுமை, வால்நட் முதலிய பருப்புகளையும் இலவசமாகக் கொடுத்து, மூன்றாம் பிரிவினரைக் கொழுப்பைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். சராசரியாக ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், முதல் இரு பிரிவினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநோய்கள் மூன்றாம் பிரிவினரைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைவாகவே நேர்ந்தன. இக்குறைவு மிகவும் தெளிவாகத் தெரிந்தது பக்கவாதத்தில். 2013-இல் வெளியான அம்முடிவை, ஆட்களைப் பிரித்ததில் சில இடங்களில் ஒழுங்கு தவறியிருந்ததால் ஆராய்ச்சியாளர்களே 2018-இல் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மீண்டும் வெளியிட்டபோதும், முடிவு பெரிதும் மாறவில்லை. இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது, எண்ணெய் பெற்றவர்களும் பருப்பு பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு பயனடைந்தார்கள் என்பதே. பொதுவாக இருந்த உணவுமுறையே பெரிது என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது எது?

இதனையே மறுபுறத்திலிருந்து உறுதிப்படுத்தும் சான்றைக் கிரேக்க நாடே அளிக்கிறது. உலகத்தில் தலைக்கு மிகுதியாக ஒலிவ எண்ணெய் உண்பவர்களுள் கிரேக்கர் இன்றும் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் செல்வம் பெருகியபோது, முன்னோர் ஏங்கிய இறைச்சியும், அதனோடு இனிப்புப் பானங்களும் பொட்டலத் தின்பண்டங்களும் வந்து சேர, வயலில் நடந்தும் மலையேறியும் கழிந்த வாழ்க்கை நாற்காலியில் அமர்ந்து கழிவதாக மாற, உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட கணக்கில், ஐரோப்பாவில் குழந்தைகளின் உடற்பருமன் மிகுந்த நாடுகளாகக் கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் முதலியவையே இடம்பெற்றன. யுனெஸ்கோ ஸ்தாபனம் 2010-ஆம் ஆண்டில் இவ்வுணவுமுறையை மானிடப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தபோது, பயிரிடுதல், அறுவடை, சமையல், கூடியமர்ந்து உண்ணுதல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே அங்கீகரித்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

நம் நகரங்களின் கடைகளில் விலையுயர்ந்த அந்த எண்ணெய்ப் புட்டியைக் கையிலெடுக்கும் வாசகர் கருதவேண்டியது இதுவே. எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி தருவதே. முன்னுண்ட நெய்யையும் பொரித்த பண்டங்களையும் குறைக்காமல் அதன்மீது இதனையும் வார்த்தால், உடல் பருப்பதன்றி வேறு பலன் விளையாது. நமது கடலை எண்ணெயிலும் ஒலிவ எண்ணெயின் முதன்மைச் சத்தாகிய ஒலேயிக் அமிலம் ஏறத்தாழப் பாதியளவு உண்டாதலால், பொருள்வசதி இல்லாதவர் இதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. கீரையும் பயறும் காயும் தினந்தோறும் இலையில் நிறைந்து, புலாலும் சர்க்கரையும் விசேஷ நாட்களுக்கென ஒதுங்கி, உடல் உழைப்பும் உடனிருக்குமானால், அந்த ஆகாரத்தைச் சுவையுடையதாக்கி மேலும் விரும்பி உண்ணச் செய்வதே எண்ணெயின் பணி. கிரீட் தீவின் விவசாயிக்கு ஒலிவ எண்ணெய் செய்த பேருபகாரமும் அதுவே.